நிறுக்காமல் எழுதிய பாரம்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். நான் வேலை பார்த்த திணைக்களத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள். தேநீர் குடித்துக்கொண்டே ஒருவர் கேட்டார்: "சேர், உங்கட காலத்துல ஆக்களையும் தராசுல ஏத்தி நிறுத்துத்தான் பிளேனுக்கு விட்டீங்களாம். உண்மையா? அரிசி மூட்டை மாதிரியா?"

உண்மைதான் என்றேன். இப்போது ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு சராசரியைப் போட்டுவிடுகிறார்களாம், யாரையும் நிறுப்பதில்லையாம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலுவலக மலருக்கு அந்தக் காலத்து வேடிக்கைகளை எழுதித் தரும்படி கேட்டுவிட்டுப் போனார்கள். வேடிக்கையும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேனாவை எடுத்தால் கை ஓரிடத்துக்குத்தான் போகிறது. அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

ஐம்பதுகளின் கடைசியில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் இருந்த சின்ன விமான ஓடுதளத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். முதலில் கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி. அங்கே படிப்பித்ததில் பாதி எங்கள் இடத்துக்கு ஒத்துவரவில்லை. விமானம் இறங்கும் நேரத்தில் ஓடுதளத்தில் படுத்து அசைபோடும் எருமைகளை என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. மிச்சத்தை எனக்குப் பழக்கியவர் எங்கள் பொறுப்பதிகாரி ஸ்டான்லி ஐயா.

அவர் போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். வெள்ளைக் காற்சட்டை, முழங்கால் வரை காலுறை, படிய வாரிய தலை. கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். காதைக் கொண்டுபோய் வைத்துத்தான் ஏச்சு வாங்க வேண்டும். விமானம் வரும் நாட்களில் காலையில் முதல் வேலை தராசு. நிலத்தோடு ஒட்டிய இரும்புத் தட்டும், ஒரு தூணும், அதன் மேல் குறுக்கே இலக்கமிட்ட கோலும் உள்ள தராசு. வாவிக் காற்றில் படிந்த உப்பையும் பனியையும் தன்னுடைய கைக்குட்டையாலேயே துடைப்பார். வெறுந்தட்டில் கோல் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஐம்பத்தாறு இறாத்தல் இரும்புப் படி இரண்டை ஏற்றி, நூற்றிப் பன்னிரண்டு சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார். கடைசியாகத் தானே ஏறி நின்று, தன் பாரத்தைச் சுவரில் பென்சிலால் எழுதுவார். அந்தச் சுவரைப் பார்த்தால் அவர் எந்தக் கிழமை காய்ச்சலில் கிடந்தார், எந்தக் கிழமை கலியாண வீட்டுக்குப் போனார் என்று சொல்லிவிடலாம்.

"ஞானமுத்து, கிட்டத்தட்ட எண்ட சொல்லைச் சந்தையில வச்சிட்டு வாரும். இஞ்ச அது தேவையில்ல" என்பார்.

எங்களுடையது குட்டையான ஓடுதளம். மழை பெய்தால் தரை இளகும். அந்த நாளில் விமானம் எவ்வளவு பாரத்தோடு எழும்பலாம் என்று பைலட் ஒரு கணக்குச் சொல்வார். அதற்கு மேல் ஓர் இறாத்தலும் ஏற்றக் கூடாது. இருபத்தெட்டு ஆசனம் இருந்தாலும் சில நாளில் பதினைந்து பேரைத்தான் ஏற்றுவோம். கடைசியாகப் பதிந்தவர்தான் முதலில் இறங்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பத்திரம் இருந்தது. ஒவ்வோர் ஆளின் பெயருக்கு நேரே அவர் பாரம். நிறுத்துக் கண்ட இலக்கத்தை மையால் எழுத வேண்டும். நிறுக்க முடியாமல் உத்தேசமாக எழுதினால் அந்த இலக்கத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும்.

"வட்டம் எண்டா எனக்குத் தெரியாது எண்டு அர்த்தம். தெரியாது எண்டு எழுத ஒருநாளும் வெக்கப்படக் கூடாது. வட்டத்தைக் கண்டா பைலட் கேப்பார். கேட்டா நிறுப்பம்."

பெண்களை நிறுப்பதுதான் பெரும்பாடு. நாலு ஆண்கள் பார்க்கத் தட்டில் ஏறி நிற்க எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் வரும்? தமிழ்ப் பெண்களே கூசுவார்கள். முக்காடிட்ட முஸ்லிம் பெண்களைக் கேட்கவே எங்களுக்கு வாய் வராது. அதற்காகத் தராசுக்கு ஒரு சீலைத் திரை கட்டியிருந்தோம். கூட்டித் துடைக்கும் றோசலின் அக்கா திரைக்குள் நின்று நிறுத்து, வெளியே வந்து என் காதில் இலக்கத்தைச் சொல்லுவா. றோசலின் அக்கா வராத நாளில் பெண்களுக்கு நூற்றி இருபது என்று எழுதி வட்டம் போடுவோம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மாரி. ஒரு கிழமையாக அடைமழை. வாவி நிரம்பி வீதிக்கு வந்துவிட்டது. வெலிக்கந்தைப் பக்கம் தண்டவாளம் தண்ணீருக்குள் போய் ரயில் நின்றுபோனது. றோசலின் அக்காவின் வீட்டுக்குள்ளும் வெள்ளம். அவ அன்று வரவில்லை.

அன்று காலையில் காத்தான்குடியிலிருந்து ஒரு புருஷனும் மனைவியும் ஒரு பெண்பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் கைத்தறி நெசவாளர், மீராலெவ்வை என்று பெயர். பிள்ளைக்கு ஐந்து வயது, நஸீமா. மூன்று கிழமைக் காய்ச்சல். கொழும்புக்கு உடனே கொண்டுபோகும்படி டொக்டர் கடிதம் கொடுத்திருந்தார். கடைசியாகப் பதிந்தது அவர்கள்தான்.

பைலட் சொன்ன கணக்கில் மற்றவர்களை எழுதினேன். தகப்பனை நிறுத்தேன். பிள்ளையையும் தட்டில் கிடத்தி நிறுத்தேன். அவர்களுடைய பையை ஏற்றாமல் விட்டும் கணக்குப் பார்த்தேன். எல்லாம் போக மிச்சம் தொண்ணூற்றாறு இறாத்தல் இருந்தது. தாய் முக்காட்டை முகம் மறைய இழுத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மழை மீண்டும் வருமுன் எழும்ப வேண்டும் என்று பைலட் அவசரப்பட்டார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன், தராசைப் பார்த்தேன், சுற்றி நின்ற ஆண்களையும் பார்த்தேன். பிறகு பத்திரத்தில் நூற்றி இருபது என்று எழுதினேன்.

வட்டம் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. வட்டத்தைக் கண்டால் பைலட் கேட்பார், பிறகு நான் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டேன்.

விமானத்துக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டான்லி ஐயா பத்திரத்தை வாங்கி அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது நிறுத்ததா?"

"ஓம் சேர்" என்றேன்.

அவர் என்னை நம்பினார்.

நான் திரும்பி வந்து மீராலெவ்வையை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னேன்: "காக்கா, பாரம் கூடிப்போச்சு. புள்ளையோட ஒரு ஆள்தான் போகலாம்." அவர் மனைவியிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். சிங்களம் தெரிந்தவரும் கொழும்பு தெரிந்தவரும் அவர்தான். தாய் பிள்ளையின் நெற்றியில் முகத்தை வைத்து எடுத்துவிட்டு, புருஷனின் கையில் கொடுத்தார்.

விமானம் எழும்பி வாவிக்கு மேலாகத் திரும்பியது. எல்லோரும் வெளியே நின்று பார்த்தோம். நான் உள்ளே வந்தபோது அந்தப் பெண் தராசின் இரும்புத் தட்டில் உட்கார்ந்திருந்தார். நிற்க முடியாமல் கண்ட இடத்தில் குந்திவிட்டார் போலிருக்கிறது. காலை மடித்து, தூணில் தலையைச் சாய்த்து, முழுப் பாரமும் தட்டின் மேல். என் கை பழக்க தோஷத்தில் கோலில் ஓடும் நிறைக்குண்டைத் தள்ளியது. எண்பத்திரண்டில் கோல் சமமாக நின்றது.

மூன்று கிழமை பிள்ளைக்குப் பக்கத்தில் சோறு தண்ணியில்லாமல் கிடந்த உடம்பு அது. எண்பத்திரண்டு. அவர் போயிருந்தாலும் இன்னும் பதினான்கு இறாத்தல் மிச்சம் இருந்திருக்கும். விமானத்தின் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் பிள்ளை கொழும்பு ஆஸ்பத்திரியில் இறந்தது. அன்றைக்கே அங்கேயே அடக்கிவிட்டார்களாம். ரயில் இன்னும் ஓடவில்லை. தாய் பிள்ளையின் முகத்தைக் காணவில்லை. காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு வியாபாரி இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஸ்டான்லி ஐயாவிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது என் கையைப் பிடித்து, "உம்மட கையெழுத்தை நான் ஒருநாளும் ரெண்டாந்தரம் பார்த்ததில்ல" என்றார். அதைவிட அவர் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

எழுபதுகளில் எங்கள் ஓடுதளத்துக்கு விமானம் வருவது குறைந்து நின்றும் போனது. அன்று பிள்ளை போன அந்தப் பழைய விமானமே சக்கரக்கால் முறிந்து எங்களிடமே தங்கிவிட்டது. மேலிடத்தில் யாருக்கோ ஒரு யோசனை தோன்றி, அதைக் கட்டைகளின் மேல் நிறுத்தி, பக்கத்துக் கொட்டகையில் பழைய சாமான்களை அடுக்கி, விமானக் காட்சிச்சாலை என்று பெயர்ப்பலகை போட்டார்கள். மியூசியம் என்றால் மியூசியம்தான். ஒரு ரேடியோப் பெட்டி, காற்றுத் திசை பார்க்கும் துணிக்குழாய், யுத்த காலத்தில் வாவியில் இறங்கிய கடல் விமானத்தின் நங்கூரம் என்று ஒரு மீனவர் தன் வலையில் சிக்கியபோது எடுத்துவந்து தந்த இரும்பு. அதற்குக் காவலும் விளக்கமும் நான். சனங்கள் அதைப் பிளேன் வீடு என்றார்கள். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் குடும்பம் குடும்பமாகச் சோற்றுப் பார்சலோடு வந்து, இறக்கை நிழலில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். தராசை மட்டும் நான் காட்சிக்கு வைக்கவில்லை. பின்னறையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டாம் நாள் ஒரு புருஷனும் மனைவியும் வந்தார்கள். புதுச் சாரன், புதுச் சீலை, கையில் ஓலைப்பெட்டி. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மீராலெவ்வை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரும் என்னை நிமிர்ந்து பார்த்து, பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இவவுக்குப் பிளேனை உள்ளுக்குப் போய்ப் பாக்க வேணுமாம், ஐயா. கலியாணம் முடிச்சி இவ்வளவு காலத்துல எங்கயும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டதில்ல. இத மட்டும் கேட்டா" என்றார்.

அவர் மனைவி சரிபா உம்மா முக்காட்டை இப்போது முகத்துக்கு இழுக்கவில்லை. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மற்றவர்களைப் போல ரேடியோவையும் நங்கூரத்தையும் பார்த்தார். நங்கூரத்தைத் தொட்டுப் பார்த்து, "இது தோணிச் சாமான் எலுவா, பிளேனுக்கும் நங்கூரமா?" என்று புருஷனைக் கேட்டுச் சிரித்தார். நான் விளக்கம் சொன்னேன். மதியம் இறக்கையின் கீழே பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டு மஸ்கெட் இனிப்பில் இரண்டு துண்டு தந்தார். வாங்காமல் இருக்க முடியவில்லை. வாங்கித் தாளில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் ஏணி வைத்து உள்ளே ஏற்றினேன். புருஷன் மூன்றாவது வரிசையைக் காட்டினார். "இதுலதான். நான் சன்னல் பக்கம். புள்ளையோட."

சரிபா உம்மா அந்த ஆசனத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து ஆசனத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் இருந்து பின்னால் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று விளங்கியது.

திரும்பி வந்து என்னைக் கேட்டார்: "ஐயா, அண்டைக்கு எனக்கு இடமில்லையெண்டுதான் இவர் சொன்னவர். இவ்வளவு சீட்டு இரிக்கி. எல்லாத்திலயும் ஆக்கள் இருந்தாங்களா?"

மீராலெவ்வைக் காக்காவைப் பார்த்தேன். அந்த விமானத்தில் வெறும் ஆசனங்களுக்கு நடுவே கொழும்பு வரை இருந்து போன மனிதர் அவர். பாரக் கணக்கைச் சொன்னால் மனைவி நூறு கேள்வி கேட்பாள், இடமில்லை என்றால் ஒரு கேள்வியோடு முடியும் என்று நினைத்திருப்பார். அவர் கண் என்னிடம் கெஞ்சியது.

"ஓம் உம்மா. ஒரு சீட்டும் மிச்சமில்ல" என்றேன்.

"இதுல ஆரு இருந்த?" பிள்ளை கிடந்த இடத்துக்கு அடுத்த ஆசனத்தைக் காட்டினார்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒரு அம்மா இருந்தவ. நேர்ஸ் அம்மா."

"புள்ளையத் தூக்கினவவா?"

"தூக்கினவ" என்றது நான் இல்லை, காக்கா. "கொழும்பு மட்டும் அவட மடியிலதான் கிடந்த. நெத்தியைத் தடவிக்கிட்டே வந்தா. உனக்குச் சொன்னா நீ அழுவாய் எண்டுதான் சொல்லல்ல."

சரிபா உம்மா அந்த ஆசனத்துக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்து இரண்டு கையையும் ஏந்தி துஆக் கேட்டார். அந்த அம்மாவுக்கும் அவ பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று கேட்டார். யாரும் இருந்திராத ஓர் ஆசனத்துக்காக ஒரு தாய் அழுது கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதைவிடக் கேவலமாக என்னை நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து மீராலெவ்வைக் காக்கா தனியாக வந்தார். ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். இளநீல நூல் சீலை, கருநீலக் கரை.

"அந்த நேர்ஸ் அம்மாக்காம். நெய்யச் சொன்னா, நெய்தன். குஞ்சம் அவ கட்டினது. இல்லாத ஆளுக்குச் சீலை நெய்ஞ்ச முதல் ஆள் நானாத்தான் இருப்பன்" என்று சிரிக்கப் பார்த்தார்.

அவர் சிரித்திருக்காவிட்டால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நிறுக்காமல் எழுதியது, வட்டம் போடாதது, பொய் சொன்னது, எண்பத்திரண்டு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"இடமில்ல எண்டு நான் அவக்குச் சொன்னன். பாரம் எண்டு நீங்க எனக்குச் சொன்னீங்க. அவ துஆக் கேட்டு ஆறிட்டா. நானும் அல்லாஹ்ட விதி எண்டு ஆறித்தான் இருந்தன். இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம், ஐயா."

உண்மைதான். என் நெஞ்சு இலேசாகட்டும் என்று அவர் தலையில் ஏற்றிவிட்டேன். வந்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பற்றி ஸலாம் சொன்னவர் போகும்போது கை தரவில்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சீலை கிடைச்ச எண்டு ஒரு தபாலட்டை போடுங்க. அவ பாத்துக்கிட்டிருப்பா."

வீட்டுக்குப் போய் என் மனைவி லில்லியிடம் முதல் தடவையாக முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் தபாலட்டையை என்னிடமிருந்து வாங்கி, "ஆம்பிளைக் கையெழுத்து தெரிஞ்சிரும்" என்று தானே எழுதினாள். சீலை கிடைத்தது, நல்ல நெசவு, பிள்ளையை மறக்கவில்லை. கீழே ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் யோசித்தோம். வேறு வழி தெரியாமல் லில்லி தன் பெயரையும் எங்கள் வீட்டு விலாசத்தையுமே எழுதினாள்.

ஒரு கிழமையில் பதில் வந்தது. மூன்றாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் எழுத்துக்கூட்டி எழுதிய கடிதம். சுகம் விசாரித்து, பெருநாளுக்கு வீட்டுக்கு வரச் சொல்லி எழுதியிருந்தார். அடியில் ஒரே ஒரு கேள்வி: "அவ்வளவு தூரம் மடியில வெச்சிருந்தீங்க. எண்ட புள்ள உங்களுக்குப் பாரமா இருந்தாவா?"

லில்லி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எவ்வளவு?" என்று கேட்டாள்.

அந்தக் காலைப் பத்திரத்தில் அந்த வீட்டாருக்கு நான் செய்த ஒரே ஒழுங்கான வேலை பிள்ளையை நிறுத்ததுதான். "இருபத்தாறு" என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாரமே இல்ல உம்மா" என்று எழுதினாள்.